கைவினையும் சொல்வினையும்

(சங்கத்தின் ஆண்டுவிழாக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)

இச்சபையிலே நின்று பேசுவதற்கு எம்மினும் தகுதி வாய்ந்தோர் பலர் முன்வரிசையிலே வீற்றிருக்கிறார்கள். நாங்கள் மேடைப் பேச்சாளர் அல்லேம். பனையோலைக் கைப்பணிப் பட்டறை ஒன்றை நடத்திப் பிழைக்கும் மூவர். மூவர் சார்பிலும் ஒருவர் பேசுகிறோம். ஆகையால் "நாங்கள்" என்றே பேச அனுமதி வேண்டுகிறோம். "தொடர்பாடற் கல்வி சிறு கைவினைத் தொழிலுக்கு எங்ஙனம் உதவும்?" என்பதைப் பற்றிச் சொல்லுமாறு செயலாளர் அவர்கள் பணித்தார்கள். நூலறிவைக் காட்டிலும் பட்டறிவே எம்மிடம் மிகுதி. அதிலும் பெரும்பகுதி நட்டப்பட்டு வந்த அறிவு. குற்றங்களைப் பொறுத்துக் குணத்தைக் கொள்ளுமாறு கேட்டுக்கொண்டு விஷயத்துக்கு வருகின்றோம்.

எங்களுள் ஒருவர் 2019 ஆம் ஆண்டிலே தொடர்பாடல் கற்பதற்காக ஒரு மாலை வகுப்பிலே சேர்ந்தார். செய்தி அறிந்த அவருடைய பெரியப்பா வீட்டுப் படியிலே இருந்தபடி கேட்டார்: "தம்பி, கதைக்கிறதுக்கும் ஒரு படிப்போ? எங்கடை ஊரிலை கதைக்கத் தெரியாத ஆள் ஆர் இருக்கு?" அன்று எங்களால் அதற்கு மறுமொழி சொல்ல இயலவில்லை. இன்று இச்சபையிலே அந்த மறுமொழியைச் சொல்ல முயல்கின்றோம். அதற்கு முன் அந்த வகுப்புக்கு எங்களைத் துரத்திய காரணத்தைச் சொல்லவேண்டும்.

நாங்கள் மூவரும் 2016 ஆம் ஆண்டிலே பட்டறையைத் தொடங்கினோம். உத்தியோகம் கிடைக்கும்வரை காத்திராமல் ஊரிலே உள்ள பொருளையும் ஊரவர் கையிலே உள்ள வித்தையையும் கொண்டு ஒரு முயற்சி செய்யவேண்டும் என்பது எங்கள் எண்ணம். பனை அபிவிருத்திச் சபை 1978 ஆம் ஆண்டிலே நிறுவப்பட்ட காலந்தொட்டு இத்தொழிலிலே பயிற்சி பெற்றோர் பலர் உளர். அதற்கு முன்னரே தாய்வழி மகள்வழியாக இவ்வித்தை வந்துகொண்டிருக்கிறது. கடகம், சுளகு, நீத்துப்பெட்டி, பாய் ஆகியவை நம்மவர் அடுக்களையிலே தலைமுறை தலைமுறையாக இருந்தவை. ஓலை வார்ந்து, சாயத்திலே அவித்து, உலர்த்தி, இழைக்கும் வேலையைச் செய்ய ஒன்பது பெண்கள் எங்களோடு சேர்ந்தார்கள். அவர்களுள் மூத்தவரை எல்லோரும் ஆச்சி என்றே அழைப்போம். அவர் இழைத்த பெட்டியிலே ஊசி நுழைய இடம் இராது.

2018 ஆம் ஆண்டு ஆனி மாதத்திலே கொழும்பிலிருந்து ஒருவர் தொலைபேசியிலே பேசினார். ஆவணியிலே தம் மகளுக்குக் கலியாணம் என்றும், வருவோர்க்குப் பலகாரம் வைத்துக் கொடுப்பதற்கு மூடியுள்ள சின்னப் பெட்டிகள் முந்நூறு வேண்டும் என்றும், சிவப்புக்கரை இருந்தால் மங்களகரமாக இருக்கும் என்றும் சொன்னார். நாங்கள் மகிழ்ந்து போனோம். அதுவரை எங்களுக்குக் கிடைத்த ஓடர்களிலே அதுவே பெரியது. ஒரு பெட்டி 300 ரூபாவாக 90,000 ரூபாவுக்குப் பேசி முடித்தோம். முற்பணமாக 30,000 ரூபா அனுப்பினார். ஐந்து வாரம் ஒன்பது பெண்களும் இரவு பகலாக இழைத்தார்கள். பெட்டிகள் லொறியேறிக் கொழும்புக்குப் போயின.

மறுநாள் தொலைபேசி வந்தது. "தம்பிமார், நான் கேட்டது சின்னப் பெட்டியெல்லோ?" என்றார் அவர்.

எங்கள் ஊரிலே கடகத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஒரு சாண் பெட்டி சின்னப் பெட்டி. அவர் மனத்திலே இருந்ததோ உள்ளங்கையிலே அடங்கும் பெட்டி. இரண்டு லட்டு வைத்தால் நிறைந்துவிடும் பெட்டி. எங்கள் பெட்டியிலே இரண்டு லட்டை வைத்தால் வெறும் வீட்டிலே இரண்டு பேர் குடியிருப்பது போலத் தோன்றும். அவர் கோபக்காரர் அல்லர். முற்பணத்தைத் திருப்பிக் கேட்கவுமில்லை. நாற்பது பெட்டிகளை வைத்துக்கொண்டு மிகுதியைத் திருப்பி அனுப்பினார். இருநூற்று அறுபது பெட்டிகள் எங்கள் விறாந்தையிலே கூரைமட்டும் அடுக்கப்பட்டுக் கிடந்தன. முற்பணம் ஓலைக்கும் சாயத்துக்கும் லொறிக்கும் போய்விட்டது. இழைத்த பெண்களுக்குக் கொடுக்கவேண்டிய கூலி மாத்திரம் 54,000 ரூபா. எங்களுள் ஒருவருடைய தாயாரின் சங்கிலியை அடைவு வைத்துக் கூலியைக் கொடுத்தோம்.

கூலி கொடுத்த அன்று ஆச்சி சொன்ன வார்த்தை இன்னும் எங்கள் காதிலே ஒலிக்கின்றது. "எனக்கு அண்டைக்கே ஐமிச்சமாத்தான் கிடந்தது தம்பி. கலியாணத்துக்கு வாற சனம் இவ்வளவு பெரிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸிலை போகுமோ எண்டு யோசிச்சனான். நீங்கள் படிச்ச பிள்ளையள், தெரிஞ்சுதான் சொல்லுவியள் எண்டு இருந்திட்டன்."

அன்பர்களே, இதனைச் சற்றுச் சிந்தித்துப் பாருங்கள். ஓலையிலே குற்றமில்லை. சாயத்திலே குற்றமில்லை. இழைத்த கையிலே குற்றமில்லை. வாங்க வந்தவர் வஞ்சகர் அல்லர். நாங்களும் பொய் சொல்லவில்லை. ஆயினும் பட்டறை மூடும் நிலைக்கு வந்தது. "சின்ன" என்ற ஒரு சொல் ஒரு மனத்திலிருந்து மற்றொரு மனத்துக்குப் போகும் வழியிலே வேறொன்றாகிவிட்டது. அதைத் திருத்தக்கூடிய அறிவு எங்கள் பட்டறையின் உள்ளேயே, ஆச்சியின் வாய்க்குள்ளே, ஐந்து வாரம் பூட்டிக் கிடந்தது. அதைத் திறக்க எங்களுக்குத் தெரியவில்லை.

இதன் பின்னரே எங்களுள் ஒருவர் அந்த வகுப்புக்குப் போனார். வாரத்தில் இரண்டு மாலை அவர் படித்து வந்ததை மற்ற இருவரும் பட்டறையிலே அவரிடம் கேட்டுப் படித்தோம்.

அவர் முதலிலே கொண்டுவந்தது ஐந்து கேள்விகள். அமெரிக்க அறிஞர் ஹரோல்ட் லாஸ்வெல் 1948 ஆம் ஆண்டிலே வகுத்தவை. யார் சொல்கிறார், எதைச் சொல்கிறார், எவ்வழியாகச் சொல்கிறார், யாருக்குச் சொல்கிறார், அதனால் விளைவது என்ன என்பன அவை. எங்கள் கலியாணப் பெட்டி விவகாரத்தை இந்த ஐந்திலும் வைத்துப் பார்த்தோம். எவ்வழியாக என்ற கேள்வியிலே முதல் ஓட்டை தெரிந்தது. அளவும் நிறமும் உடைய ஒரு பொருளைப் பற்றி, கண்ணுக்கு ஒன்றையும் காட்டாமல், தொலைபேசியிலே காதோடு காதாக முடித்துவிட்டோம். விளைவு என்ன என்ற கேள்வியிலே இரண்டாவது ஓட்டை தெரிந்தது. நாங்கள் விளங்கிக்கொண்டது சரிதானா என்று அவரிடம் ஒருமுறையாவது கேட்கவில்லை.

அதே 1948 ஆம் ஆண்டிலே குளோட் ஷனன் என்னும் கணித அறிஞர், பெல் தொலைபேசி ஆய்வுகூடத்திலே பணியாற்றியவர், தொடர்பாடலைப் பற்றிப் புகழ்பெற்ற ஓர் ஆய்வுரையை வெளியிட்டார். அவர் ஆராய்ந்தது கம்பிவழிச் செல்லும் சமிக்ஞையைப் பற்றியது. சொற்பொருளைப் பற்றியதன்று. எனினும் கைத்தொழில் செய்வோர்க்கும் அதிலே ஒரு பாடம் உண்டு. அனுப்புவோனுக்கும் பெறுவோனுக்கும் நடுவிலே இரைச்சல் என ஒன்று எப்போதும் இருக்கும்; அது இல்லை என எண்ணிக்கொள்ளாது, அது இருக்கும் என்றே எண்ணி ஆயத்தம் செய்யவேண்டும் என்பதே அப்பாடம். இரைச்சலை வெல்ல ஒரு வழி, ஒன்றையே வேறு வேறு விதமாக மீண்டும் சொல்வதாகும்.

வில்பர் ஷ்ராம் என்பவர் 1954 ஆம் ஆண்டிலே எழுதிய கட்டுரையிலே இதற்கு மேலும் ஒரு படி சென்றார். சொல்பவருக்கு ஓர் அநுபவ வட்டம் உண்டு, கேட்பவருக்கு ஓர் அநுபவ வட்டம் உண்டு. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடத்திலேதான் விளக்கம் பிறக்கும் என்றார். கொழும்பிலே மாடி வீட்டில் இருப்பவரது வட்டமும், கடகத்திலே நெல் அள்ளிப் பழகிய எங்கள் வட்டமும் "பெட்டி" என்ற இடத்திலே படிந்தன. "சின்ன" என்ற இடத்திலே படியவில்லை.

இவை யாவும் மேனாட்டார் கண்டுபிடித்தவை, நமக்கு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். அப்படியன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டிலே நன்னூல் செய்த பவணந்தி முனிவர் தம் பாயிரத்திலே நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களை எடுத்துச் சொல்லியிருக்கிறார். பள்ளிக்கூடத்திலே அவற்றைப் பரீட்சைக்காகப் பாடஞ்செய்தோம். பட்டறைக்கு வந்த பின்னரே அவற்றின் பொருள் விளங்கிற்று. பெட்டி வேண்டும் என்று எழுதி அளவை விடுவது குன்றக் கூறல். விலைப் பட்டியலிலே வேண்டாத புகழ்ச்சியை நிரப்புவது மிகைபடக் கூறல். ஒரு பெட்டியின் விலையா, ஒரு டசினின் விலையா என்று தெரியாதபடி எழுதுவது மயங்க வைத்தல். கூறியது கூறல் என்பதும் அங்கே ஒரு குற்றம்தான். ஆனால் அது நூலுக்குச் சொன்னது. தொலைபேசியிலே ஓடர் எடுக்கும்போது கூறியது கூறாவிட்டால் சங்கிலி அடைவுகடைக்குப் போகும்!

பவணந்தியார் பாடம் சொல்லும் ஆசிரியரின் இலக்கணத்தோடு நிறுத்தவில்லை. பாடம் கேட்பவன் எவ்வாறு கேட்கவேண்டும் என்பதையும் வகுத்திருக்கிறார். திருவள்ளுவரும் சொல்வன்மையை 65 ஆவது அதிகாரத்திலே வைத்தார். கேள்வியை அதற்கு வெகு முன்னரே 42 ஆவது அதிகாரத்திலே வைத்துவிட்டார். கேட்டலும் கற்கவேண்டிய ஒன்று என்பது நம் முன்னோர்க்குப் புதிதன்று. நாம்தான் சொல்லை மாத்திரம் எடுத்துக்கொண்டு கேள்வியை விட்டுவிட்டோம்.

நிற்க. படித்ததைப் பட்டறையிலே எவ்வாறு நடைமுறைப்படுத்தினோம் என்பதைச் சொல்லவேண்டும். வாலிபர்களுக்கு அதுவே பயன்படும்.

முதலாவது, ஓடர் எடுப்பதற்கு ஒரு கடதாசி அச்சிட்டோம். என்ன பொருள், எதை வைப்பதற்கு, நீள அகல உயரம் எத்தனை அங்குலம், என்ன நிறம், எத்தனை, எந்த நாளைக்கு, யார் கையிலே சேரவேண்டும் என்று ஏழு கேள்விகள். இவற்றுள் "எதை வைப்பதற்கு" என்பதே தலையாயது. இரண்டு லட்டு வைப்பதற்கு என்று அன்று கேட்டு எழுதியிருந்தால் மற்ற ஆறும் தாமே சரியாகியிருக்கும். கடதாசியை நிரப்பியபின் வாங்குபவருக்கு அதை வாசித்துக் காட்டுவோம். பின்பு ஒரு மாதிரிப் பெட்டியைச் செய்து அனுப்பி, அவர் சரி என்று சொன்ன பின்னரே மிகுதியைத் தொடங்குவோம். மாதிரிக்கு ஒரு நாட்கூலி செலவாகும். முந்நூறு பெட்டி திரும்பி வருவதைப் பார்க்கிலும் அது மலிவு.

இரண்டாவது, திங்கட்கிழமை காலையிலே வேலை தொடங்குமுன் எல்லோரும் கூடி இருந்து, அந்த வாரத்து ஓடர்களை வாசிக்கிறோம். வாசித்து முடிந்ததும், "இதிலே எங்கே பிழை வரும்?" என்று ஆச்சியிலிருந்து தொடங்கி ஒவ்வொருவரையும் கேட்கிறோம். "விளங்கிச்சுதோ?" என்று கேட்டால் எல்லோரும் ஓம் என்றே சொல்வார்கள். மரியாதைக்காகச் சொல்லும் ஓம் அது. பிழை எங்கே என்று கேட்டால்தான் வாய் திறக்கும். முதல் மூன்று வாரமும் எவரும் ஒன்றும் சொல்லவில்லை. நான்காம் வாரத்திலே ஆச்சி, "இந்தச் சிவப்பும் இந்தப் பச்சையும் பக்கத்திலை வந்தால் ஈரம் பட்டவுடனை ஊறும்" என்றார். அன்று ஒரு ஓடர் தப்பிற்று. படித்தவர் முன் பேசக் கூசும் மனிதரிடத்திலே எவ்வளவு அறிவு கிடக்கின்றது என்பதை அன்று கண்டோம்.

மூன்றாவது, படம் எடுக்கும் முறை. 2020 ஆம் ஆண்டிலே கொரோனாத் தொற்றினால் ஊரடங்கு வந்தபோது கண்காட்சியும் இல்லை, சந்தையும் இல்லை. கைத்தொலைபேசியிலே படம் எடுத்து அனுப்பியே விற்கவேண்டியதாயிற்று. படமும் ஒரு மொழி. அதிலும் இரைச்சல் உண்டு. தனியே வைத்து எடுத்தால் சிறுபெட்டியும் கடகம் போலத் தோன்றும். ஆகையால் பெட்டியை ஒருவர் கையிலே வைத்து ஒரு படம், உள்ளே வைக்கும் பொருளோடு ஒரு படம் எடுக்கிறோம். மின்விளக்கின் கீழே சிவப்பு வேறாகத் தெரியும். ஆகையால் காலை வெளிச்சத்திலே எடுக்கிறோம். இவ்வளவுக்கும் பெரிய கருவி ஒன்றும் வேண்டியதில்லை. பார்ப்பவர் இடத்திலே நம்மை வைத்துப் பார்க்கும் பழக்கம் வேண்டும்.

நான்காவது, விலை சொல்லும் முறை. "பிளாஸ்ரிக் கூடை இதிலும் மலிவெல்லோ?" என்று கேட்காத வாடிக்கையாளர் குறைவு. முன்பெல்லாம் இக்கேள்வி வந்தால் எங்களுக்குக் கோபம் வரும். அல்லது பயந்து விலையைக் குறைப்போம். குறைத்த விலை இழைத்த பெண்ணின் கூலியிலேதான் போய் விடியும். இப்போது வாசலிலே பாதி இழைத்த பெட்டி ஒன்றை வைத்திருக்கிறோம். "இருந்து இரண்டு இழை போட்டுப் பாருங்கோ" என்று சொல்வோம். ஐந்து நிமிடம் ஓலையோடு போராடியவர் பின்பு பேரம் பேசுவது அரிது. வாங்காமற் போவோரும் உளர். அவர்களும் பெட்டியின் அருமையை அறிந்தே போகிறார்கள்.

ஐந்தாவது, பொருளோடு போகும் சீட்டு. ஒரு காலத்திலே எங்கள் பெட்டிகளிலே பூஞ்சணம் பிடிக்கின்றது என்று முறைப்பாடுகள் வந்தன. ஓலைப் பெட்டியை ஈரத்திலே வைக்கக்கூடாது, இடைக்கிடை வெயில் காட்டவேண்டும் என்பது எங்கள் வீட்டுக் குழந்தைக்கும் தெரியும். நகரத்திலே பிறந்தவருக்கு யார் சொன்னார்கள்? நாங்கள் சொல்லவில்லை. இப்போது ஒவ்வொரு பெட்டியினுள்ளும் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் நான்கு வரிச் சீட்டு ஒன்று இருக்கின்றது. முறைப்பாடு பெரும்பாலும் நின்றுவிட்டது. முறைப்பாட்டை வசையாகக் கொள்ளாமல், நாம் சொல்ல மறந்ததை நினைப்பூட்டும் கடிதமாகக் கொள்ளவேண்டும் என்பது இதிலே கற்ற பாடம்.

இனி விளம்பரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எலிஹு காட்ஸ், போல் லாசர்ஸ்பெல்ட் என்னும் இருவர் அமெரிக்காவிலே டிகேற்றர் என்ற பட்டினத்துப் பெண்களிடையே செய்த ஆய்வை 1955 ஆம் ஆண்டிலே நூலாக வெளியிட்டார்கள். பத்திரிகையும் வானொலியும் சொல்வது நேரே எல்லோர் மனத்திலும் போய்ப் பதிவதில்லை. பக்கத்திலே உள்ள நம்பிக்கையான ஒருவர் அதை எடுத்துச் சொல்லும்போதே பலர் ஏற்றுக்கொள்கிறார்கள் என்பது அவர்கள் கண்ட முடிவு. நமது ஊரிலே இதற்கு ஆராய்ச்சி வேண்டியதில்லை, கிணற்றடியே சாட்சி. ஆனால் அதிலிருந்து வரும் கடமையை நாங்கள் உணர்ந்தது அந்த நூலைப் பற்றி அறிந்த பின்னரே. ஆயிரம் பேருக்கு அறிவித்தல் ஒட்டுவதற்கு முன், வாங்கிய பத்துப் பேரிடம் திரும்பிச் சென்று, "எப்படி இருக்கின்றது? எதைத் திருத்தவேண்டும்?" என்று கேட்கவேண்டும். அவ்வாறு கேட்கப்பட்டவர்களே எங்களுக்கு அடுத்த ஓடர்களைக் கொண்டுவந்தார்கள்.

சபையோர்களே, சொல்லின் வலிமையைப் பற்றிப் பேசும்போது அதன் அபாயத்தையும் பேசவேண்டும். தொடர்பாடல் கற்றவன் இனிக்கப் பேசிக் கூடாத சரக்கையும் விற்றுவிடுவான் என்ற அச்சம் பெரியோருக்கு உண்டு. அது நியாயமான அச்சமே. ஒருமுறை வெளிநாட்டிலிருந்து வந்த அம்மையார் ஒருவர், "இந்தச் சாயம் மரப்பட்டையிலும் பூவிலும் எடுத்ததா?" என்று ஆவலோடு கேட்டார். ஓம் என்று சொன்னால் பத்துப் பெட்டி போகும் என்பது அவர் முகத்திலே தெரிந்தது. எங்கள் சாயம் கடையிலே வாங்குவது. அதை அப்படியே சொன்னோம். அவர் முகம் சற்று வாடிற்று. சாயமிடாத ஓலைப் பெட்டிகளை எடுத்துக் காட்டினோம். அவற்றிலே நான்கை வாங்கிக்கொண்டு போனார். ஆறு பெட்டி நட்டம் என்று அன்று மாலை எங்களுள் ஒருவர் கணக்குப் பார்த்தார். கணக்கு சரிதான். ஆயினும் கேட்போர் நம்புவதற்குப் பேசுவோரின் ஒழுக்கமே பெருந்துணை என்று அரிஸ்டோட்டில் தமது பேச்சுக்கலை நூலிலே எழுதியிருக்கிறார். பொய்யினால் விற்ற பெட்டியோடு அந்தத் துணையும் சேர்ந்து விலைப்பட்டுவிடும். திரும்ப வாங்க எந்தக் கடையிலும் கிடையாது.

2022 ஆம் ஆண்டிலே பொருளாதார நெருக்கடியால் எரிபொருள் இல்லாமல் நாடு தவித்தபோது இந்தப் பாடம் எங்களைக் காத்தது. லொறி ஓடவில்லை. குறித்த நாளிலே பொருளை அனுப்ப முடியாது என்று தெரிந்த அன்றே, நாள் வருமுன்னரே, ஒவ்வொருவருக்கும் நாங்களே தொலைபேசியிலே சொன்னோம். முற்பணத்தைத் திருப்பித் தரவும் ஒப்புக்கொண்டோம். இருவர் திருப்பிக் கேட்டார்கள்; மற்றவர்கள் பொறுத்திருந்தார்கள். கெட்ட செய்தியைக் காலத்தோடு சொல்வதற்கும் ஒரு பயிற்சி வேண்டும். ஒளித்திருப்பதே மனித சுபாவம்.

நமது மண்ணிலேயே இதற்கு ஓர் உயர்ந்த முன்மாதிரி இருக்கின்றது. ஆறுமுக நாவலர் அவர்கள் 1848 ஆம் ஆண்டிலே வண்ணார்பண்ணையிலே பாடசாலையை நிறுவியதையும், 1849 ஆம் ஆண்டிலே சென்னைக்குச் சென்று அச்சியந்திரம் வாங்கி வந்ததையும் நாம் எல்லோரும் அறிவோம். அவரை இலாபம் தேடிய வியாபாரியாக நாம் காட்டவில்லை. அவர் நோக்கம் வேறு. ஆயினும் அச்சுக்கூடம் நடத்துவது ஒரு தொழில். கடதாசி, மை, கூலி, கணக்கு யாவும் அதிலே உண்டு. தம் நூலை யார் வாசிக்கப் போகிறார் என்பதை அவர் முன்னதாகவே எண்ணினார். பிள்ளைகளுக்குப் பாலபாடங்களைப் படிப்படியாக எழுதினார். செய்யுளை எட்டமுடியாதவர்க்கு 1852 ஆம் ஆண்டிலே பெரியபுராணத்தை வசனமாகத் தந்தார். நிறுத்தக் குறிகளை இட்டு வாசிப்போரின் வழியை இலகுவாக்கினார். அறிவு அவரிடம் நிறைந்திருந்தது. அந்த அறிவைப் பெறுபவன் நிற்கும் படிக்கு இறங்கிவந்து கொடுத்ததே அவருடைய பெருமை. வசனநடை கைவந்தவர் என்று அவரைப் போற்றும் நாம், அந்த நடை வாசிப்பவனை எண்ணிப் பிறந்தது என்பதையும் மறத்தல் ஆகாது.

இவ்வளவும் சொன்னதனால், இக்கல்வி கற்றால் செல்வம் கொழிக்கும் என்று எவரும் எண்ணவேண்டாம். அடைவு வைத்த சங்கிலியை மீட்க எங்களுக்குப் பதினான்கு மாதம் சென்றது. கைவினை மோசமானால் எந்தச் சொல்வினையும் அதைக் காப்பாற்றாது. கல்லாமலே இக்கலை கைவந்த பழைய வியாபாரிகளும் நம்மிடையே இருந்தார்கள். கடைக்கு வந்தவரின் முகத்தைப் பார்த்தே அவர் வீட்டு விசேஷத்தை அறிந்துகொள்வார்கள். அவர்களுக்கு முகம் எதிரே இருந்தது. நமக்கோ முகம் தெரியாத ஊரிலிருந்து, தெரியாத பாஷையிலே, ஒரு சிறு கருவியின் வழியாக ஓடர் வருகின்றது. ஆகவே அவர்களுக்கு இயல்பாக வந்ததை நாம் படித்துத்தான் பெறவேண்டும். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலே தொடர்பாடலும் வணிகமும் ஒரே பீடத்தின் கீழே வைக்கப்பட்டிருப்பது பொருத்தமே என்று இப்போது எங்களுக்குத் தோன்றுகின்றது. அங்கே செல்ல வாய்ப்புள்ள பிள்ளைகள் செல்லட்டும். வாய்ப்பில்லாதோர் மாலை வகுப்பிலே கற்கட்டும். அதுவும் இல்லாதோர் ஏழு கேள்வியுள்ள ஒரு கடதாசியோடு தொடங்கட்டும்.

ஈற்றிலே ஒரு வேண்டுகோள். எங்கள் பட்டறையிலே இன்று பதினான்கு பெண்கள் இழைக்கிறார்கள். அவர்களுள் முப்பது வயதுக்குக் குறைந்தோர் இருவரே. ஆச்சிக்குக் கண் மங்கி வருகின்றது. அவர் கை அறிந்ததை ஏட்டிலே எழுதி வைக்க முடியாது. மற்றொரு கைக்குத்தான் கொடுக்க முடியும். வாங்குவோர் இருந்தால், கூலி ஒழுங்காக வந்தால், அந்த மற்றொரு கை வரும். வாங்குவோருக்கும் இழைப்போருக்கும் நடுவிலே பாலமாக நிற்கக்கூடியவர்கள் இச்சங்கத்து வாலிபர்கள். உங்களுக்கு மூன்று பாஷையும் ஓரளவு தெரியும். கைத்தொலைபேசி தெரியும். நம் சுற்றாடலிலே பாய் இழைப்போர், சட்டி பானை வனைவோர், தச்சர், தையல் வேலை செய்வோர் பலர் இருக்கிறார்கள். மாதத்திலே ஒரு மாலையை அவர்களுக்காக ஒதுக்குமாறு சங்கத்தைக் கேட்டுக்கொள்கின்றோம். விலைப் பட்டியல் எழுதிக் கொடுங்கள். படம் எடுத்துக் கொடுங்கள். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வரும் கடிதத்துக்கு மறுமொழி எழுதிக் கொடுங்கள்.

ஆனால் முதல் மாலையிலே எதையும் எழுதவேண்டாம். பக்கத்திலே இருந்து, அவர்கள் என்ன செய்கிறார்கள், யாருக்குச் செய்கிறார்கள், எங்கே நட்டப்பட்டார்கள் என்று கேளுங்கள். நாங்கள் ஐந்து வாரம் கேளாமல் இருந்ததனால் பட்டது போதும்.

அந்தப் பெரியப்பாவுக்கு நாங்கள் இன்று சொல்லும் மறுமொழி இதுதான். "நீங்கள் சொன்னது சரி பெரியப்பா. எங்கடை ஊரிலை கதைக்கத் தெரியாத ஆள் இல்லை. நாங்கள் படிக்கப் போனது கேக்கிறதுக்கு." போன மாதம் அவர் பட்டறைக்கு வந்து, தம் பேத்தியின் பூப்புனித நீராட்டு விழாவுக்கு இருபது பெட்டி வேண்டும் என்றார். ஏழு கேள்வியையும் கேட்டோம். ஆறாவது கேள்வியிலே கோபித்துக்கொண்டார்; ஏழாவதிலே சிரித்துவிட்டார். பெட்டிகள் சரியான அளவிலே போய்ச் சேர்ந்தன.